தலைக்குத் தந்த குளிசை கைக்கு ஏன் போச்சி? – டோபமைன் வாங்கிகளை ஒளியூட்டிப் பார்த்த கதை

நான் மருந்தாளராகக் கடமையாற்றிய காலத்தில் ஒரு நாள், கிளினிக் முடிகின்ற பகல் நேரம், ஒரு தாய் என் கவுண்டருக்கு முன்னால் வந்து நின்றார். இருபது, இருபத்தொரு வயது மகனையும் கூட்டி வந்திருந்தார். மகனுக்கு மனநோய்க்கான மருந்து தொடங்கி ஒன்றரை மாதம். காதுக்குள் கேட்ட குரல்கள் அடங்கிவிட்டன, இரவில் தூங்குகிறான், பள்ளிக்கும் போகத் தொடங்கிவிட்டான். ஆனால் முகத்தில் ஓர் அசைவும் இல்லை. நடக்கும்போது கை வீசுவதில்லை. தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கினால் பாதி மடியில் சிந்துகிறது.

"தம்பி, இது தலைக்குத் தந்த குளிசைதானே? இது ஏன் கைக்குப் போச்சி?" என்று கேட்டார்.

"அது பக்கவிளைவு ராத்தா. அடுத்த கிளினிக்ல டொக்டர்ட்ட சொல்லுங்க" என்றேன். வரிசையில் இன்னும் முப்பது பேராவது நின்றார்கள். அவர் நகரவில்லை. "ஊருல சொல்றாங்க, இது ஆரோ செஞ்ச வேலையாம். குளிசைய நிப்பாட்டிப் போட்டு ஓதிப் பாக்கட்டாம்" என்று மெதுவாகச் சொன்னார். நிப்பாட்ட வேண்டாம் என்று சொன்னேன். ஏன் என்று சொல்லவில்லை. அடுத்த கிளினிக்குக்கு அவர்கள் வரவில்லை. நாலைந்து மாதத்தின் பின் அந்தப் பிள்ளையை வார்டில் கண்டேன். பழைய குரல்கள் திரும்பி வந்திருந்தன.

ஓதிப் பார்ப்பதில் எனக்கு மறுப்பில்லை. துஆவும் மருந்தும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல என்றுதான் எங்கட மூத்தவர்களும் சொல்லித் தந்தார்கள். ஆனால் ஒரு தாய் கேட்ட சரியான கேள்விக்கு "பக்கவிளைவு" என்ற ஒற்றைச் சொல்லைப் பதிலாகக் கொடுத்து அனுப்பியது என் பிழை. அதே கேள்வியை விஞ்ஞானிகளும் அரை நூற்றாண்டுக்கு மேலாகக் கேட்டு வந்திருக்கிறார்கள் என்பதைப் பின்னர் வாசித்து அறிந்தேன். விடையின் முக்கியமான ஒரு பகுதி, ஒளிரும்படி செய்யப்பட்ட சின்னஞ்சிறு மூலக்கூறுகளின் உதவியால்தான் கிடைத்தது. அந்தக் கதையை இங்கே எழுதுகிறேன்.

எழுந்து நடந்த முயல்கள்

டோபமைன் 22 அணுக்கள் மட்டுமே கொண்ட ஒரு சிறிய மூலக்கூறு. மனித மூளையில் ஏறக்குறைய 8600 கோடி நரம்புக்கலங்கள் உள்ளன. அவற்றுள் டோபமைனைச் சுரப்பவை சில இலட்சம் மட்டுமே. 1950கள் வரை டோபமைனை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நோரதிரனலின் என்ற இன்னொரு பொருளை உடல் தயாரிக்கும் வழியில் வருகின்ற ஓர் இடைப்பொருள் என்றே நினைத்திருந்தார்கள்.

அந்த நினைப்பை மாற்றியவர் சுவீடனின் அர்விட் கார்ல்சன். அவர் முயல்களுக்கு ரெசர்பின் என்ற மருந்தைக் கொடுத்தார். எங்கட நாட்டு வைத்தியர்களும் நன்கு அறிந்த சர்ப்பகந்தி வேரிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட பொருள் அது. முயல்கள் காதைத் தொங்கப்போட்டுக்கொண்டு அசையாமல் கிடந்தன. பிறகு, உடலுக்குள் டோபமைனாக மாறக்கூடிய எல்-டோபா என்ற பொருளை ஊசியாக ஏற்றினார். சில நிமிடங்களில் முயல்கள் எழுந்து நடக்கத் தொடங்கின. இது 1957இல் வெளியானது. 1960இல் வியன்னாவில் எரிங்கரும் ஹோர்னிகீவிச்சும், பார்க்கின்சன் நோயால் இறந்தவர்களின் மூளையில் அசைவைக் கவனிக்கும் பகுதியில் டோபமைன் மிகவும் குறைந்திருப்பதைக் கண்டார்கள். கார்ல்சனுக்கு 2000இல் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

டோபமைன் குறைந்தால் கை நடுங்கும், உடல் இறுகும், முகம் மரத்துப்போகும் என்பது இதிலிருந்து தெளிவாகிறது. ஆனால் அந்தப் பிள்ளைக்கு டோபமைன் குறையவில்லையே? அவன் குடித்தது வேறு ஒரு மருந்து. அங்கேதான் வாங்கிகளின் கதை தொடங்குகிறது.

ஒரே பூட்டு, பல வீடுகள்

ஒரு நரம்புக்கலம் வெளிவிடும் டோபமைன், அடுத்த கலத்தின் மென்சவ்வில் பதிந்திருக்கும் ஒரு புரதத்தில் போய் அமர்கிறது. இந்தப் புரதத்தைத்தான் வாங்கி என்கிறோம். டோபமைன் திறப்பு என்றால் வாங்கி பூட்டு. இந்தப் பூட்டில் ஐந்து வகை உண்டு: டி1 முதல் டி5 வரை. டி1உம் டி5உம் ஒரு குடும்பம். டி2, டி3, டி4 மற்றக் குடும்பம். எல்லாமே மென்சவ்வை ஏழு தரம் ஊடறுத்துச் செல்கின்ற நீண்ட புரத இழைகள். அந்த ஏழு தண்டுகளுக்கும் நடுவில் ஒரு பள்ளம். டோபமைன் உட்காரும் இடம் அதுதான்.

மனநோய்க்கான முதலாவது நவீன மருந்தாகிய குளோர்புரோமசின் 1952இல் பாரிஸில் பாவனைக்கு வந்தது. ஹலோபெரிடோல் 1958இல் பெல்ஜியத்தில் உருவாக்கப்பட்டது. இரண்டும் வேலை செய்தன, இரண்டும் கையை நடுங்கவும் வைத்தன. எங்கே போய் ஒட்டுகின்றன என்று யாருக்கும் தெரியாது. 1975இல் கனடாவில் பிலிப் சீமனும், அமெரிக்காவில் சொலமன் ஸ்னைடரும் தத்தம் குழுக்களோடு, கதிர்த்தொழிற்பாடுள்ள ஹைதரசனைப் பொருத்திய ஹலோபெரிடோலைக் கொண்டு அந்த இடத்தைக் கண்டுபிடித்தார்கள். பிற்பாடு டி2 என்று பெயர்பெற்ற வாங்கி அது. எந்த மருந்து அந்த வாங்கியை இறுகப் பிடிக்கிறதோ, அந்த மருந்து நோயாளிக்குக் குறைந்த அளவிலேயே போதுமாக இருந்தது. இந்தப் பொருத்தம் ஏறக்குறைய எல்லா மருந்துகளுக்கும் சரிவந்தது.

இந்த மருந்துகள் பூட்டுக்குள் போகும், ஆனால் திறக்காது. உள்ளே இருந்துகொண்டு டோபமைனை வரவிடாமல் மறிக்கும். எண்ணங்களையும் உணர்ச்சிகளையும் கையாளும் பகுதியில் அது நல்லது; குரல்கள் அடங்குகின்றன. ஆனால் அதே டி2 பூட்டு அசைவைக் கவனிக்கும் பகுதியிலும் இருக்கிறது. தாய்ப்பாலுக்கான புரோலக்டின் ஓமோனைக் கட்டுப்படுத்தும் கபச் சுரப்பியிலும் இருக்கிறது. சத்தியைத் தூண்டும் இடத்திலும் இருக்கிறது. சத்திக்குத் தருகின்ற மெட்டோகுளோபிரமைட் குளிசையால் சில வயதானவர்களுக்குக் கை நடுங்குவதும் இதனால்தான். குளிசைக்கு முகவரி தெரியாது. இரத்தத்தில் கலந்து போகும்போது அந்தப் பூட்டு எந்த வீட்டுக் கதவில் இருந்தாலும் போய் உட்காரும்.

இது அந்தத் தாயின் கேள்விக்குப் பாதி விடை. மற்றப் பாதி கஷ்டமானது. எல்லா மருந்தும் டி2வில்தான் உட்காருகின்றன என்றால், சில மருந்துகள் அதிகமாகவும் சில குறைவாகவும் நடுங்க வைப்பது ஏன்?

தூரத்திலிருந்து பார்த்தது

1980களில் சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் லார்ஸ் ஃபார்டேயும் அவரது சகாக்களும், கதிர்த்தொழிற்பாடுள்ள காபனைப் பொருத்திய ரக்லோபிரைட் என்ற பொருளை ஊசி மூலம் ஏற்றி, உயிருள்ள மனிதரின் மூளையை பெட் ஸ்கானில் படம்பிடித்தார்கள். நோயாளி குடிக்கும் மருந்து டி2 வாங்கிகளில் எத்தனை வீதத்தைப் பிடித்திருக்கிறது என்பதை இதனால் கணக்கிட முடிந்தது. இந்த வகை ஆய்வுகளிலிருந்து ஒரு முக்கியமான விஷயம் தெரியவந்தது. ஏறக்குறைய 65 வீதத்தைப் பிடிக்கும்போது நோய் தணியத் தொடங்குகிறது. 80 வீதத்தைத் தாண்டினால் நடுக்கமும் இறுக்கமும் வருகின்றன. இரண்டுக்கும் இடையில் ஒரு ஒடுங்கிய ஒழுங்கைதான் இருக்கிறது. மருந்தின் அளவைச் சற்றுக் குறைத்ததும் சிலருக்கு நடுக்கம் போய்விடுவது இதனால்தான்.

ஆனாலும் பெட் ஸ்கான் தூரத்திலிருந்து பார்ப்பதுதான். அதன் படத்தில் ஒரு புள்ளி சில மில்லிமீற்றர் அகலம். அந்த ஒரு புள்ளிக்குள் கோடிக்கணக்கான நரம்புச் சந்திகள் அடங்கிவிடும். ஒரு சந்தியின் இடைவெளியோ ஏறக்குறைய 20 நனோமீற்றர். தலைமுடியின் தடிப்பை நாலாயிரமாகப் பிரித்தால் ஒரு பங்கு. ஊரை விமானத்திலிருந்து பார்த்துவிட்டு, இன்ன வீட்டுக் கதவை யார் எத்தனை மணிக்குத் தட்டினார் என்று சொல்ல முடியுமா? பூட்டுக்குக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். அதற்கு வெளிச்சம் வேண்டும்.

வெளிச்சத்தை இரவல் கொடுப்பது

கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுவதால்தான் பார்க்கிறோம் என்று பழைய கிரேக்க அறிஞர் பலர் கருதினார்கள். பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம், 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய 'கிதாபுல் மனாளிர்' நூலில் அதை மறுத்து, பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணுக்குள் நுழைவதால்தான் பார்வை உண்டாகிறது என்று நிறுவினார். அவர் சொன்னதன்படி யோசித்தால் எங்கள் சிக்கல் விளங்கும். டோபமைன் வாங்கியிலிருந்து எங்கள் கண்ணுக்கு வருகிற மாதிரித் தனியான ஒளி எதுவும் இல்லை. சுற்றியிருக்கும் ஆயிரக்கணக்கான புரதங்களைப் போலவே அதுவும் நிறமற்றது. ஆகவே அதற்கு ஒளியை இரவலாகக் கொடுக்க வேண்டும்.

இரவல் கொடுக்கும் வழிக்குப் புளோரொளிர்வு என்று பெயர். வங்கியில் காசுத்தாளைக் கழியூதா விளக்கின் கீழ் பிடித்தால் சில கோடுகள் பளிச்சென்று தெரியுமல்லவா, அதுதான். ஒரு பொருள் சக்தி கூடிய ஒளியை விழுங்கி, சக்தி குறைந்த வேறு நிற ஒளியாக உடனே திருப்பித் தருகிறது. குயினைன் கரைசல் சூரிய வெளிச்சத்தில் நீலமாக மினுங்குவதை ஆராய்ந்த ஜோர்ஜ் ஸ்டோக்ஸ் 1852இல் இதை விளக்கி, இதற்குப் பெயரும் வைத்தார். குயினைன் சிங்கோனாப் பட்டையிலிருந்து வருவது. எங்கட நாட்டில் ஹக்கல தாவரப் பூங்கா 1861இல் தொடங்கப்பட்டதும் சிங்கோனாவை வளர்த்துப் பார்ப்பதற்காகத்தான்.

இதில் ஒரு வசதி இருக்கிறது. உள்ளே அனுப்பும் ஒளி ஒரு நிறம், திரும்பி வருவது இன்னொரு நிறம். அனுப்பிய நிறத்தை ஒரு வடிகட்டியால் மறித்துவிட்டால், திரும்பி வந்த ஒளி மட்டும் நுணுக்குக்காட்டியில் தெரியும். அமாவாசை வானத்தில் வெள்ளி தெரிகிற மாதிரி.

1962இல் சுவீடனில் ஃபால்க்கும் ஹில்லார்ப்பும் உலர்த்திய மூளைத் துண்டுகளின் மேல் போர்மல்டிகைட்டு ஆவியைப் படவிட்டு, டோபமைன் உள்ள நரம்புக்கலங்களைப் பச்சையாக ஒளிரச் செய்தார்கள். டோபமைன் இருக்கும் வீடுகள் அதில் தெரிந்தன. பூட்டுகள் தெரியவில்லை.

திறப்பில் டோர்ச் கட்டுவது

பூட்டை ஒளிரச் செய்ய நேரான வழி, அதற்குப் பொருந்தும் திறப்பில் ஒரு டோர்ச்சைக் கட்டி அனுப்புவது. வாங்கியில் போய் ஒட்டும் எந்தச் சிறு மூலக்கூறையும் லிகண்ட் என்பார்கள். இரசாயனவியல் பாடத்தில் இணையி என்று படித்திருப்பீர்கள். ஒளிரும் லிகண்டுக்கு மூன்று பாகங்கள் உண்டு: பூட்டுக்குள் போகும் தலை, ஒளிரும் சாயம், இரண்டையும் தொடுக்கும் சங்கிலி.

சொல்ல இலகு, செய்யக் கஷ்டம். ஸ்பிபெரோன் என்பது டி2வை மிக இறுகப் பிடிக்கும் ஒரு மருந்து. அதன் மூலக்கூற்றுத் திணிவு 395. கட்டப் போகும் சாயமும் கிட்டத்தட்ட அதே பருமன். திறப்பின் அளவுக்கு டோர்ச்சைக் கட்டினால் திறப்பு உள்ளே போகுமா? பிழையான இடத்தில் கட்டினால் போகாது. பள்ளத்தின் அடியில் வாங்கியின் அஸ்பாட்டிக் அமிலம் ஒன்று இருக்கிறது. மருந்தின் நைதரசன் அதைப் பற்றிக்கொள்ள வேண்டும். அந்தப் பிடியைக் கெடுக்காத வேறு முனையில், வாசலை நோக்கிச் சங்கிலியைத் தொடுக்க வேண்டும். சங்கிலி கட்டையானால் சாயம் வாசலில் இடிக்கும். நீளமானால் சாயம் அலைந்து திரிந்து பக்கத்து மென்சவ்வில் ஒட்டும். பல சாயங்கள் கொழுப்பை விரும்புபவை, மென்சவ்வோ கொழுப்பால் ஆனது. இதனால் வாங்கியே இல்லாத இடமும் ஒளிரத் தொடங்கிவிடும்.

1989இல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவகத்தில் டேவிட் சிப்லியின் குழுவினர் ஸ்பிபெரோனிலிருந்து பெற்ற ஒரு மூலக்கூறில் சாயங்களைத் தொடுத்து டி2வுக்கும், வேறொரு மூலக்கூறைக் கொண்டு டி1க்கும் இத்தகைய லிகண்ட்களைச் செய்து காட்டினார்கள். அப்போது பூட்டின் உட்புறம் எப்படியிருக்கும் என்று யாருக்கும் தெரியாது. தடவித் தடவித்தான் செய்தார்கள். டி3யின் பளிங்கு அமைப்பு 2010இலும் டி2வினது 2018இலும் வெளிவந்த பிறகு, எந்தப் பக்கத்தில் சங்கிலியை விடலாம் என்று படத்தைப் பார்த்தே யோசிக்க முடிந்தது.

2020இல் ஜேர்மனியின் ஏர்லாங்கன் ஆய்வாளர்கள் டி2, டி3 இரண்டுக்கும் புதிய ஒளிரும் லிகண்ட்களை வெளியிட்டார்கள். அவற்றுள் சிறந்தது டி2வை 0.44 நனோமோலர் செறிவிலும் டி3யை 0.29 நனோமோலர் செறிவிலும் பிடித்தது. ஒரு லீற்றர் நீரில் ஒரு கிராமின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கைக்கூடப் போடத் தேவையில்லை என்று அர்த்தம். சிறிய சாயத்தை எடுத்துவிட்டுப் பெரிய சாயத்தைக் கட்டியபோதும் பிடி நன்றாகவே இருந்தது. அவற்றுள் ஒன்றைக் கொண்டு, உயிருள்ள கலங்களின் மேற்பரப்பில் இந்த வாங்கிகளைக் கண்ணால் பார்த்தார்கள்.

ஒளி தெரிந்தால் மட்டும் போதாது. தெரிவது உண்மையிலேயே வாங்கிதானா என்று நிரூபிக்க வேண்டும். அதற்கு, சாயமில்லாத ஹலோபெரிடோல் போன்ற மருந்தை அதிகமாக ஊற்றுவார்கள். அது பூட்டுகளையெல்லாம் அடைத்துவிடும்; உண்மையான ஒளி மறையும், பொய்யாக ஒட்டியது மட்டும் மிஞ்சும். வாங்கி இல்லாத கலங்களிலும் அதையே செய்து ஒப்பிடுவார்கள்.

வேறு வழியே இல்லையா என்று கேட்கலாம். பிறபொருளெதிரிகளைப் பயன்படுத்தும் வழி உண்டு. ஆனால் டோபமைன் வாங்கிகளுக்கென்று விற்கப்பட்ட சில, வாங்கி இல்லாத இடத்திலும் ஒட்டுவது தெரியவந்தது. ஜெலிமீனிலிருந்து பெற்ற பச்சை ஒளிர் புரதத்தை வாங்கியோடு சேர்த்தே வளர்க்கும் வழியும் உண்டு. ஆனால் அது 238 அமினோ அமிலங்கள் கொண்ட பெரிய சுமை, பரம்பரையலகையும் மாற்ற வேண்டும். லிகண்ட், இயற்கையாக உள்ள வாங்கியை அப்படியே வைத்துக்கொண்டு ஒளியூட்டுகிறது.

நொட்டிங்ஹாமில் கிடைத்த விடை

இப்போது அந்தத் தாயின் கேள்விக்குத் திரும்புவோம். நடுங்க வைக்காத மருந்துகள் பூட்டிலிருந்து சீக்கிரம் கழன்றுவிடுகின்றன, அதனால் டோபமைனுக்கு இடையிடையே வழி கிடைக்கிறது என்று ஒரு கருத்து நீண்ட காலம் இருந்தது. பொருத்தமாகத் தெரிந்தாலும், எல்லா மருந்துகளையும் ஒரே முறையில் அளந்து யாரும் சரிபார்க்கவில்லை.

2017இல் இங்கிலாந்தின் நொட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் அதைச் செய்தார்கள். டி2 வாங்கியில் டேர்பியம் என்ற உலோகத்தைக் கொண்ட ஒரு விளக்கைப் பொருத்தினார்கள். டி2வில் ஒட்டும் லிகண்ட் ஒன்றில் சிவப்புச் சாயத்தைக் கட்டினார்கள். விளக்கும் சாயமும் ஏறக்குறைய 10 நனோமீற்றருக்குள் நெருங்கினால் மட்டும், விளக்கின் சக்தி சாயத்துக்குத் தாவிச் சிவப்பு ஒளி வரும். சிவப்பு வந்தால் லிகண்ட் பூட்டுக்குள் இருக்கிறது, வராவிட்டால் இல்லை. பிறகு ஒவ்வொரு மனநோய் மருந்தையும் கூடவே விட்டு, சிவப்பு ஒளி எவ்வளவு தாமதமாகிறது, எப்படிக் குறைகிறது என்று அளந்தார்கள். மருந்துக்குச் சாயமில்லை. ஆனால் அது பூட்டுக்குள் எவ்வளவு வேகமாகப் போகிறது, எவ்வளவு வேகமாகக் கழல்கிறது என்பதை, போட்டிக்கு வந்த சிவப்பு லிகண்ட் காட்டிக்கொடுத்தது.

முடிவு பலர் எதிர்பார்க்காதது. நடுக்கத்தோடு பொருந்தியது கழலும் வேகமல்ல, ஏறும் வேகம். அவர்களது விளக்கம் இப்படி: நரம்புச் சந்தி மிகவும் ஒடுங்கிய இடம். கழன்ற மருந்து அங்கிருந்து வெளியேற முன்னமே பக்கத்துப் பூட்டு ஒன்றைக் காண்கிறது. வேகமாக ஏறும் மருந்தானால் மறுபடி உடனே ஏறிவிடும். இப்படி மாறி மாறி ஏறிக்கொண்டிருந்தால் டோபமைனுக்கு முறை வராது, கை நடுங்கும். ஏறுவதில் தாமதிக்கும் மருந்து, ஏற முன்னரே சந்தியை விட்டு விலகிப் போய்விடும். புரோலக்டின் கூடுவது கழலும் வேகத்தோடு தொடர்புபட்டிருந்தது. அசைவும் தாய்ப்பால் ஓமோனும் ஒரே பூட்டின் இரண்டு வேறு குணங்களால் பாதிக்கப்படுகின்றன. அப்படியானால் ஒன்றைத் தவிர்த்து இனிவரும் மருந்துகளை வடிவமைக்க வழியிருக்கிறது.

இதற்கு எல்லைகளும் உண்டு. ஒளிரும் லிகண்ட்கள் பருமனானவை. பெரும்பாலானவை இரத்தத்திலிருந்து மூளைக்குள் போகும் தடையைக் கடக்கமாட்டா. மண்டையோட்டைத் தாண்டி அந்த ஒளியும் வெளியே வராது. ஆகவே நோயாளியின் தலைக்குள் பார்க்க இன்னமும் பெட் ஸ்கான்தான். லிகண்டும் சும்மா பார்த்துக்கொண்டிருப்பதில்லை. சில லிகண்ட்கள் டோபமைனைப் போலப் பூட்டைத் திறந்தும்விடும், அப்போது கலம் வாங்கியை உள்ளே இழுத்துக்கொள்ளும். பார்க்கப் போனதே பார்க்கப்படுவதை மாற்றிவிடும் ஆபத்து எப்போதும் இருக்கிறது. எந்தத் தலையைத் தெரிவு செய்வது என்பதில் இதையும் யோசிக்கிறார்கள்.

அந்தத் தாயை மறுபடி நான் சந்திக்கவில்லை. சந்தித்தால் இப்படிச் சொல்லுவேன்: "ராத்தா, மூளைக்குள்ள ஒரே மாதிரிப் பூட்டு ரெண்டு வீட்டுக் கதவுல இருக்கு. ஒண்டு அந்தச் சத்தம் கேக்குற வீடு, மத்தது கைகால அசைக்கிற வீடு. குளிசை ரெண்டையும் அடைச்சிப் போட்டுது. ஆரும் ஒண்டும் செய்யல்ல, புள்ளையில குத்தமும் இல்ல. டொக்டர்ட்ட சொன்னா அளவக் குறைப்பாரு, இல்லாட்டி வேற குளிசை மாத்துவாரு, இல்லாட்டி நடுக்கத்துக்கு ஒண்டு தருவாரு. நீங்களா நிப்பாட்டிராதீங்க, முதல் வீட்டுக் கதவும் திறந்திரும். ஓதுறத ஓதுங்க, குளிசையையும் குடுங்க."

இதைச் சொல்ல ஒரு நிமிடம்தான் போகும். வரிசையில் நின்றவர்கள் அந்த ஒரு நிமிடம் பொறுத்திருப்பார்கள்.